ஆறாம் வகுப்பு ‘சி’ பிரிவு நடத்திய புருனை

ஷார்ஜாவில் என் மகள் படித்த இந்தியப் பள்ளியில் ஆண்டுதோறும் உலக தினம் என்று ஒரு விழா நடக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நாடு. பிஸ்கட் டப்பாவுக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள், வகுப்புத் தலைவி கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருடம் ஆறாம் வகுப்பில் ‘ஏ’ பிரிவுக்கு ஜப்பான், ‘பி’ பிரிவுக்கு பிரேசில், ‘டி’ பிரிவுக்கு பிரான்ஸ். ‘சி’ பிரிவின் தலைவி என் மகள். அவள் எடுத்த சீட்டில் புருனை என்று இருந்தது.

பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியவள் என்னிடம் பையைக்கூடத் தராமல் லிஃப்டுக்குள் போய் நின்றுகொண்டாள். வீட்டுக்குள் வந்து ஷூவைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“மொத்த கிளாஸும் என்னைத்தான் திட்டுதும்மா. பிரான்ஸ்னா ஐஃபல் டவர் செஞ்சுடலாம். இதுக்கு என்ன செய்யறது? மிஸ்ஸே மேப்ல ரொம்ப நேரம் தேடினாங்க.”

எனக்குத் தெரியும் அந்த நாடு என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அவள் நம்பாததில் தப்பில்லை, எனக்குத் தெரிந்தது அந்த நாட்டின் மூன்றெழுத்து மட்டும்தான். ரோலா கடைவீதியில் ஒரு டிராவல் ஏஜென்சியில் நான் டிக்கெட் போடும் வேலையில் இருந்தேன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு ஊருக்கும் மூன்று ஆங்கில எழுத்து. திருவனந்தபுரம் டிஆர்வி, சென்னை எம்ஏஏ, புருனை பிடபிள்யூஎன். லண்டனுக்கு மலிவாக டிக்கெட் கேட்டு வருபவர்களுக்கு நாங்கள் அந்த நாட்டு விமானத்தைத்தான் சொல்வோம். அது போர்னியோ தீவில் கிளம்பி, துபாயில் இறங்கி, பிறகு லண்டன் போகும். விமானத்தில் மது தர மாட்டார்கள் என்று சொல்ல வேண்டியது எங்கள் கடமை. சொன்னதும் பாதிப் பேர் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேர் மனைவியோடு வந்திருப்பார்கள். மனைவி, இதையே போடுங்கள் என்று சொல்லிவிடுவார்.

அன்று மாலை துபாய் சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த என் கணவருக்கு விஷயத்தைச் சொன்னோம். அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வரைபடங்களைக் கோப்பில் போட்டு, தேடுபவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். காரில் தினமும் நாலு மணி நேரம் ரேடியோ கேட்பதால் உலகத்தில் அவருக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் கிடையாது.

“தங்கத்துல கார் வச்சிருக்கவன் நாடு அது. அதப் போயி வேண்டாங்கியே,” என்றார் மகளிடம்.

தங்கத்தில் கார் செய்தால் வெயிலில் எப்படித் தொடுவது என்று அவள் கேட்டாள். வெயில் அங்கே கிடையாது, மழைதான் என்றார். தங்கம் மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவருக்கு அதற்குமேல் தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்று சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை. தம்பிக்குப் போன் போடு, அவன் அங்கே இருந்தவன்தானே என்றார்.

எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் கொழுந்தன் சவூதியில், ஜுபைலில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். அதற்கு முன் இரண்டு வருடம் புருனையில் எண்ணெய் எடுக்கிற ஊரில் கான்ட்ராக்டில் இருந்தான். அவன் அங்கே இருந்த இரண்டு வருடமும் சிங்கப்பூர் பக்கம் இருக்கிறான் என்றுதான் மாமியார் எல்லோரிடமும் சொல்லிவந்தார், அதனால் வீட்டில் யாருக்கும் அது ஒரு நாடு என்றே பதியவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் கேம்பில் இருக்கும் நேரம் பார்த்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். மகள் காகிதம் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா, நீங்க எந்த ஊர்ல இருந்தீங்க என்று கேட்டாள்.

“செரியா.”

“என்ன சரியா? ஊர் பேரைச் சொல்லுங்க சித்தப்பா.”

“அதாம் பிள்ள, செரியா.”

இது கொஞ்ச நேரம் போயிற்று. என் கணவர் இடையில் புகுந்து, எல்லாம் சரிதாம்ல, ஊர் பேரைச் சொல்லு என்று அதட்டினார். கடைசியில் அவன் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகுதான் செரியா என்பதே ஊரின் பெயர் என்பது எங்களுக்குப் புரிந்தது.

அந்த ஊர் எப்படி இருக்கும், மக்கள் எப்படி, என்ன சாப்பிடுவார்கள் என்று அவள் வரிசையாகக் கேட்டாள். அவனுக்குத் தெரிந்தது ஒரு கேம்ப், கேம்பிலிருந்து ஆலைக்குப் போகும் பஸ், கடற்கரையோரம் தலையாட்டிக்கொண்டே எண்ணெய் இறைக்கும் பம்புகள், ஒரு ரொட்டிக் கடை. நூறு கோடி பீப்பாய் எண்ணெய் எடுத்ததற்காக ஒரு நினைவுச்சின்னம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றும், ஆற்றங்கரையில் மூக்கு தொங்கும் குரங்கு உண்டு என்றும், ஆனால் தான் அதைப் பார்த்ததில்லை என்றும் சொன்னான். ராஜாவைப் பார்த்திருக்கிறீர்களா என்றாள். கேன்டீன் சுவரில் படம் மாட்டியிருந்தது, தினமும் பார்த்தேன் என்றான்.

நான் போனை வாங்கி, என்ன தம்பி, ரெண்டு வருஷம் இருந்துட்டு ஒண்ணும் தெரியலங்கிறீங்க என்றேன்.

“அங்கன என்ன மதினி இருக்கு? நம்ம ஜுபைல் மாதிரிதான். மழை மட்டும் கூட.”

அதன் பிறகு மகள் உள்ளே போய்விட்டாள் என்று உறுதி செய்துகொண்டு அண்ணனும் தம்பியும் பேசிய பேச்சுதான் அந்தப் போனிலேயே உருப்படியான தகவல். புருனையில் மது விற்க முடியாது. ஆகவே செரியாவில் இருந்தவர்கள் லீவு நாளில் எல்லை தாண்டி மலேசியப் பக்கம் மிரி என்ற ஊருக்குப் போய்விடுவார்கள். ஜுபைலிலும் கிடையாது. அங்கிருந்து பாலத்தைத் தாண்டி பஹ்ரைன். எங்கள் ஷார்ஜாவிலும் கிடையாது. என் கணவரும் அவர் சிநேகிதர்களும் மாதத்தில் ஒருநாள் மீன் வாங்க என்று அஜ்மான் போவார்கள். கிட்டத்தில் ஷார்ஜா மீன் மார்க்கெட் இருக்கும்போது அஜ்மான் மீனில் அப்படி என்ன ருசி என்று நான் கேட்டதில்லை. மூன்று தேசத்து ஒழுக்கமும் பக்கத்து ஊரை நம்பித்தான் நடக்கிறது என்று எனக்கு அன்று விளங்கியது. இதை மகளின் கட்டுரையில் சேர்க்க முடியாதது பெரிய நஷ்டம்.

விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. தாய்மார் குழு எங்கள் கட்டடத்திலேயே ஏழாவது மாடியில் திருச்சூர்க்கார அம்மாவின் வீட்டில் கூடியது. அவர்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவருடைய வரவேற்பறை பெரியது, அவ்வளவுதான். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மேசை. அதில் ஒரு மாதிரிக் கட்டடம், ஓர் உணவு. மேடையில் ஒரு நடனம், ஒரு சிறிய பேச்சு. பேச்சு என் மகளுக்கு. கட்டடம் தங்கக் குவிமாடம் உள்ள பள்ளிவாசல், தெர்மோகோலில். நடனத்துக்கு மலாய்ப் பாட்டு வேண்டும், அதை வாங்கிவரும் பொறுப்பு என் கணவர் தலையில் விழுந்தது. உணவு எனக்கு.

என் கணவர் ரோலாவில் பாட்டு சிடி விற்கும் கடையில் போய் மலாய்ப் பாட்டு கேட்டிருக்கிறார். கடைக்காரர் தாராளமாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். திருச்சூர்க்கார அம்மா அதைப் போட்டு முதல் அடி கேட்டதுமே சிரிக்கத் தொடங்கிவிட்டார். அது ஓணத்துக்குப் படகு விடும்போது பாடும் மலையாளப் பாட்டு. பெண் பிள்ளைகள் ஆறு பேர் அதற்குள் எழுந்து நின்று கையை வீசத் தொடங்கிவிட்டார்கள். வேறு பாட்டுத் தேட யாருக்கும் நேரமில்லை. புருனையில் ஒரு ஊரே ஆற்றுத் தண்ணீருக்கு மேல் மரக்கால் நட்டு வீடு கட்டி வாழ்கிறதாம், அவர்களும் படகில்தான் போவார்கள், படகுப் பாட்டு எல்லா நாட்டுக்கும் பொது என்று தலைவி தீர்ப்புச் சொன்னார். ஜப்பான் குழுவில் ஒருத்தி என் அலுவலகத் தோழி. அவளிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னை எச்சரித்தார்.

உணவுக்கு நான் இணையத்தில் தேடினேன். அம்புயாட் என்று ஒன்று அந்த நாட்டுக்கே உரியது என்று போட்டிருந்தது. ஜவ்வரிசி எடுக்கும் மரத்தின் மாவில் கொதிநீரை ஊற்றிக் கிளற வேண்டும். பசை போல் வரும். அதை இரண்டு முனையுள்ள மூங்கில் குச்சியில் சுற்றி, புளிப்பும் உறைப்புமான குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். நம்மிடம் ஜவ்வரிசி இருக்கிறது, புளி இருக்கிறது, மிளகாய் இருக்கிறது. வடகத்துக்குக் கூழ் காய்ச்சாத கையா இது என்று இறங்கிவிட்டேன்.

ஜவ்வரிசியை மிக்சியில் பொடித்துக் கொதிநீரை ஊற்றினேன். முதலில் கஞ்சி மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் மாவு போட்டேன். கரண்டி நின்றுவிட்டது. கரண்டியைத் தூக்கினால் பாத்திரமும் கூடவே வந்தது. எதிர்வீட்டில் யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தி இருந்தாள், கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், அக்கா அக்கா என்று உயிராக இருப்பாள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு துண்டைப் பிய்த்து எடுக்கப் பார்த்து, பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

“இதை என்னெண்டு தின்னுறது அக்கா?”

மெல்லாமல் விழுங்க வேண்டும் என்றேன். “ஓம், மெண்டா பல்லு திரும்பி வராது,” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கட பனங்கிழங்கு மாவு ஒடியல் கூழும் பார்க்க இப்படித்தான் இருக்கும், ஆனால் அதில் நண்டும் றாலும் கிடக்கும், ஆகவே ஒருவரும் கூழைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள் என்று ஆறுதல் சொன்னாள். அவள் யோசனைப்படி குழம்பில் கொஞ்சம் காய்ந்த இறாலைப் பொடித்துப் போட்டேன். குழம்பு நன்றாக வந்தது. மிச்சமான பசையை என் மகள் ஒரு டம்ளரில் எடுத்துக்கொண்டு போனாள். தெர்மோகோல் குவிமாடம் ஃபெவிகாலுக்கு நிற்காமல் இரண்டு நாளாகச் சரிந்துகொண்டிருந்தது. அம்புயாட்டில் ஒட்டியதும் நின்றுவிட்டது. பிறகு அதைப் பிரிக்கவே முடியவில்லை.

குவிமாடத்துக்குத் தங்க வண்ணம் பூசி, முன்னால் நீலத் தாளில் தண்ணீர் ஒட்டி, பின்னால் நான் விமான அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிவந்த சுற்றுலா போஸ்டரை மாட்டிப் பார்த்தோம். தண்ணீர் நடுவே பள்ளிவாசல், மாலை வெளிச்சம், தூரத்தில் கட்டடங்கள். திருச்சூர்க்கார அம்மா சற்று விலகி நின்று பார்த்துவிட்டு, இது நம் ஷார்ஜா லகூன் கரைப் பள்ளிவாசல் மாதிரியே இருக்கிறதே, வேலை செய்யாமல் வெளியே போய்ப் போட்டோ எடுத்து ஒட்டிவிட்டோம் என்று நினைப்பார்களே என்று வருத்தப்பட்டார். அப்புறம் மூக்குக் குரங்கு படம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்து ஓரத்தில் ஒட்டினோம். ஷார்ஜாவில் இல்லாத ஒன்று மேசையில் இருக்க வேண்டும் அல்லவா.

கட்டுரைதான் கஷ்டப்படுத்தியது. எழுதுவதில் கஷ்டமில்லை, என் மகள் இரண்டே நாளில் எழுதிவிட்டாள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். எனக்குப் படித்துத் தமிழிலும் சொன்னாள். புருனை ரொம்பச் சின்ன நாடு. அது இரண்டு துண்டாக இருக்கிறது, நடுவில் வேறு நாடு. அங்கே ராஜாவே பிரதமர், அவரே பாதுகாப்பு மந்திரி, அவரே நிதி மந்திரி. ஓட்டுப் போடுவது கிடையாது. வருமான வரியும் கிடையாது. பள்ளிக்கூடம் இலவசம். பெட்ரோல் மலிவு. நிறைய வேலைகளை வெளிநாட்டுக்காரர்கள் செய்கிறார்கள். எண்ணெய் தீர்ந்தால் என்ன செய்வது என்று அரசாங்கம் யோசித்துக்கொண்டிருக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த சீனர்கள் பலருக்கு அந்த நாட்டு பாஸ்போர்ட் இல்லை. காடு, மழை, தங்கக் குவிமாடம், மூக்கு தொங்கும் குரங்கு எல்லாம் இருக்கிறது.

நான் கேட்டுவிட்டு, நல்லா எழுதியிருக்கே என்றேன். அவள் எழுதிய வரிகளில் காட்டையும் மழையையும் குரங்கையும் எடுத்துவிட்டால் மிச்சம் எங்கள் ஜன்னலுக்கு வெளியே இருப்பதுதான்.

மகள் காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டாள். “நான் இங்கதானே பிறந்தேன். எனக்கு இந்த ஊர் பாஸ்போர்ட் உண்டா?”

“உனக்கு இந்தியா பாஸ்போர்ட் இருக்குல்லா.”

“அது தெரியும். இந்த ஊருது?”

என் கணவர் டிவியைப் பார்த்தபடியே, உங்க சித்தப்பாவுக்கு ஜுபைல்ல ஒரு சைக்கிள் வச்சிக்கிடவே ஆயிரம் கேள்வி கேக்கான், நீ பாஸ்போர்ட் கேக்கியே என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. குரங்குக்கு அடியில் எழுத வேண்டிய பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு அறைக்குள் போனாள்.

வகுப்பு ஆசிரியை ஹைதராபாத்காரர். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நல்ல பெண். நல்ல பெண் என்பதாலேயே எல்லாவற்றுக்கும் பயப்படுவார். கட்டுரையைப் படித்துவிட்டு என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். நலம் விசாரித்து முடிந்ததும் காகிதத்தை எடுத்தார். சிவப்பு மையில் கோடு கோடாக அடித்திருந்தது. ராஜா பற்றிய வரி போயிற்று. ஓட்டு போயிற்று. வெளிநாட்டு வேலைக்காரர்கள், எண்ணெய் தீர்வது, சீனர்கள் பாஸ்போர்ட் எல்லாம் போயிற்று. பெட்ரோல் மலிவு என்பதைக்கூட அடித்திருந்தார். காடு, மழை, தங்கக் குவிமாடம், குரங்கு மிஞ்சியிருந்தன.

தலைமை விருந்தினர் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் என்றும், முன்பு அரசாங்கத்தில் ஏதோ பெரிய பதவியில் இருந்தவர் என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற என் மகள், நான் புருனையைப் பற்றித்தானே எழுதினேன், இந்த ஊரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே மிஸ் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“எனக்குத் தெரியும்டா,” என்றார் ஆசிரியை. “அதனாலதான் பயமாயிருக்கு.”

அவர் சொன்னதும் ஆங்கிலத்தில்தான். ஆனால் அவ்வளவு பாவமாகச் சொன்னதால் எனக்குத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. நான் சண்டை போடவில்லை. எங்களுக்கும் விசா இருந்தது, அவருக்கும் விசா இருந்தது. விசா உள்ள இருவர் அதிக நேரம் சண்டை போட முடியாது.

விழா ஒரு வியாழக்கிழமை காலை. பள்ளி மைதானத்தில் கூடாரம் போட்டு ஏசி வைத்திருந்தார்கள். பிரேசில் மேசையில் இறகு வைத்த தொப்பியோடு பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களைச் சுற்றித்தான் கூட்டம். பிரான்ஸ்காரர்கள் கடையில் வாங்கிய கேக்கைத் துண்டு போட்டு விற்றார்கள். எங்கள் மேசைக்கு வந்தவர்கள் குரங்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அம்புயாட்டைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனார்கள். பிரேசில் அப்பா ஒருவர் அது என்னவென்று விசாரித்தார். சொன்னேன். அவர் தன் மனைவியை மெதுவாகப் பின்னால் நகர்த்தினார்.

தலைமை விருந்தினர் வெள்ளைக் கந்தூரா அங்கியில், கைத்தடியோடு, தலைமை ஆசிரியர் புடைசூழ வரிசையாக ஒவ்வொரு மேசைக்கும் வந்தார். ஜப்பானில் பூவை முகர்ந்தார். எங்கள் மேசை வந்ததும் நின்றுவிட்டார். போஸ்டரைப் பார்த்தார், குரங்கைப் பார்த்தார், பிறகு என் பாத்திரத்தைப் பார்த்தார். ஆசிரியை எனக்குப் பின்னால் நின்று மூச்சை இழுத்தது கேட்டது.

மூங்கில் குச்சிக்குப் பதில் சீன உணவகத்துக் குச்சிகளைத்தான் வைத்திருந்தோம். அவர் இரண்டை ஒரே கையில் பிடித்து, பசைக்குள் விட்டு, நிதானமாகச் சுற்றினார். சுற்றிய உருண்டையைக் குழம்பில் புரட்டி வாயில் போட்டு மெல்லாமல் விழுங்கினார். நாங்கள் யாரும் அதுவரை அப்படிச் சாப்பிட்டது கிடையாது. அவருடைய தொண்டை ஏறி இறங்குவதைத் தாய்மார் குழு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு என்னைப் பார்த்து உருதுவில், வேலைக்காரர்களோடு பேசிப் பழகிய அந்த உருதுவில், சொன்னார்.

“இது நன்றாக இல்லை. அங்கேயும் நன்றாக இருக்காது.”

அரசாங்க வேலையாக அந்த நாட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறாராம். விருந்தில் மூன்று நாளும் இதையே வைத்தார்களாம், மரியாதைக்காக மூன்று நாளும் சாப்பிட்டாராம். குழம்பு மட்டும் அங்கிருந்ததைவிட நன்றாக இருக்கிறது, யார் செய்தது என்று கேட்டார். நான் யாழ்ப்பாணத்துக்காரியைக் கை காட்டினேன். அவள் அன்று எனக்கு உதவியாக வந்திருந்தாள். அவள் வெட்கப்பட்டு மேசைத் துணியைச் சரி செய்தாள்.

அவர் என் மகள் பக்கம் திரும்பி, புருனையைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை குரங்கைக் கண்ணால் காட்டினார். அவள் காடு, மழை, குவிமாடம், குரங்கு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

“அவ்வளவுதானா? குரங்குகள் தவிர அங்கே யாரும் இல்லையா?” என்றார் பெரியவர்.

கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் நாங்கள் வளர்த்திருந்தோம். அங்கே ராஜாவே பிரதமர், அவரே நிதி மந்திரி, பாதுகாப்பு மந்திரி என்று அவள் தொடங்கினாள். தலைமை ஆசிரியர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். பெரியவர் தலையை ஆட்டினார்.

“நல்லது,” என்றார். “மீட்டிங் குறையும்.”

பக்கத்தில் நின்ற எல்லோரும் தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஓட்டு, வரி, பெட்ரோல், எண்ணெய் தீர்வது, வெளிநாட்டுக்காரர்கள். கடைசியில் அங்கேயே பிறந்த சீனர்களும் அவர்களுக்கு இல்லாத பாஸ்போர்ட்டும் வந்தன. இந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் தூரத்தில் கேமராவோடு நின்றவர், கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். அவர் மனதில் விசாவில் ‘கேன்சல்’ முத்திரை ஓங்கிக் குத்தும் சத்தம் கேட்டிருக்கும். எனக்கும் கேட்டது.

பெரியவர் அவளிடம், நீ எங்கே பிறந்தாய் என்றார்.

“இங்கே. ஷார்ஜாவில்.”

“நான் பிறந்தபோது இங்கே ஆஸ்பத்திரி இல்லை,” என்றார். பிறகு, “இந்த ஊர் உனக்குப் பிடிக்குமா?” என்றார்.

பிடிக்கும் என்றாள். எனக்கும் பிடிக்கும் என்றார். அவள் தலையில் கையை வைத்துவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, பிரேசில் மேசைக்குப் போய்விட்டார்.

அவர் என்ன நினைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோபமாகத் தெரியவில்லை. வருத்தமாகவும் சொல்ல முடியாது. அவருக்கு வயதாகியிருந்தது, அவர் ஊர் அவர் கண் முன்னாலேயே வேறு ஊராகிக்கொண்டிருந்தது, ஒரு பெண் பிள்ளை வந்து இதையெல்லாம் ஒப்பிக்கிறாள். நானாக இருந்தால் அந்தப் பசை இன்னும் தொண்டையில் இருக்கிறதா என்றுதான் யோசித்திருப்பேன்.

ஆசிரியை அழவில்லை. ஆனால் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார். திருச்சூர்க்கார அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு என் மகளைத் திட்ட வந்தார். வந்தவர் என்ன நினைத்தாரோ, நன்றாகப் பேசினாய் மோளே என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடையில் அவளுக்குக் கிடைத்தது மிச்சமிருந்த குரங்குதான். அந்தப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்தது, யாரும் கவனிக்கவில்லை. அதன் பிறகு நடனம். ஆறு பிள்ளைகளும் நீளப் பாவாடையும் முழங்கால் வரை தொங்கும் மேற்சட்டையும் போட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். பாட்டு தொடங்கிய முதல் அடியில் கூடாரத்தில் ஒரு சலசலப்பு. இரண்டாவது அடியில் பின்வரிசை கைதட்டத் தொடங்கியது. அந்தப் பள்ளியில் பாதிக்கு மேல் மலையாளக் குடும்பங்கள். கடைசி வரிசையில் காவல்காரர்கூடத் துடுப்புப் போடுவதுபோல் தோளை ஆட்டிக்கொண்டிருந்தார். பிரேசில் பிள்ளைகள் இறகுத் தொப்பியோடு வாய் பார்த்து நின்றார்கள். பாட்டு முடிந்ததும் ஒருமுறை கூடப் போடச் சொல்லிக் கூச்சல் வந்தது. ஜப்பான் குழுவிலிருந்த என் தோழி என் பக்கத்தில் வந்து, புருனையில் இவ்வளவு மலையாளிகளா என்று காதில் கேட்டாள். எங்கேதான் இல்லை என்றேன்.

சிறந்த இசைக்கான பரிசு புருனைக்குக் கிடைத்தது. என் கணவர் அன்றைக்கு முழுவதும் அது தன்னுடைய தேர்வு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஜுபைலுக்குப் போன் போட்டுத் தம்பியிடமும் சொன்னார். அந்த நாட்டில் இரண்டு வருடம் இருந்த தம்பிக்கு அங்கே என்ன பாட்டு பாடுவார்கள் என்று தெரியாததால் அவனும் பெருமைப்பட்டான்.

பள்ளியிலிருந்து எங்களுக்கு ஓலை எதுவும் வரவில்லை. ஒரு வாரம் கதவு தட்டும் சத்தத்துக்கெல்லாம் என் கணவர்தான் முதலில் எழுந்து போனார். வந்தது எல்லாம் லாண்டரிக்காரர்தான். ஆசிரியையும் வேலையில் இருந்தார், அடுத்த வருடம் ஏழாம் வகுப்புக்கு அவரே வந்தார். தெர்மோகோல் பள்ளிவாசலை என்ன செய்வது என்பதுதான் ஒரே பிரச்சினையாக இருந்தது. மதச் சின்னம், குப்பையில் போட முடியாது. யாழ்ப்பாணத்துக்காரி அதைத் தன் அலுவலகத்துக்கு எடுத்துப் போய் வரவேற்பு மேசையில் வைத்தாள். வருகிறவர்கள் எல்லாம் ஷார்ஜா பள்ளிவாசல் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்களாம்.

அடுத்த வருடம் சீட்டுக் குலுக்கல் இல்லை. நாடுகளைப் பள்ளியே பார்த்துக் கொடுத்தது, பெரும்பாலும் ஐரோப்பா. என் மகள் பிரிவுக்கு ஹாலந்து. அவள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனாள். அந்த நாட்டிலும் ராணி உண்டு, ஆனால் ராணிக்கு அதிகாரம் கிடையாது, ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் அரசாங்கம் நடக்கிறது, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அந்த நாட்டுக்காரர்களாக ஆகிவிடலாம் என்று. ஆசிரியை அதையும் சிவப்பு மையில் அடித்துவிட்டார். துலிப் பூவும் காற்றாலையும் மிஞ்சின.

எனக்கு உணவு வேலை கொடுக்கவில்லை. சீஸ் கடையில் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.